பிலாட்டீஸை உருவாக்கியவர் யார்? கர்ப்பிணிகளுக்கு அவர் முறை எந்த அளவுக்குப் பொருந்தும்?

கர்ப்பம் உறுதியானதும் ஒரு பெண்ணுக்கு இரண்டு விதமான அறிவுரைகள் வரும். படியேறாதே, குனியாதே, படுத்து ரெஸ்ட் எடு என்பது ஒன்று. வீடு கூட்டு, உட்கார்ந்து எழு, அப்பதான் சுகப்பிரசவம் ஆகும் என்பது இன்னொன்று. இப்போ மூன்றாவதா ரீல்ஸும் சேர்ந்திருக்கு. எட்டு மாத வயிற்றோடு ஒருவர் ரிஃபார்மர் மெஷின் மேல் சிரித்துக்கொண்டே பயிற்சி செய்வார். கீழே பிலாட்டீஸ் என்று ஹேஷ்டேக் இருக்கும்.

பெருநகரங்களில் பிலாட்டீஸ் ஸ்டூடியோ போர்டு இப்போது சாதாரணமாகக் கண்ணில் படுகிறது. பல இடங்களில் கர்ப்பிணிகளுக்குத் தனி வகுப்பும் உண்டு. ஆனா இந்த முறையை உருவாக்கியவர் மகப்பேறு மருத்துவர் கிடையாது. டாக்டரே கிடையாது. அவர் ஒரு ஜெர்மன் பாக்ஸர். பெயர் ஜோசஃப் பிலாட்டீஸ். அவர் முறை வளர்ந்த இடம், ஆண்களை மட்டும் அடைத்துவைத்த ஒரு போர்க்கால முகாம்.

அங்கிருந்து கர்ப்பிணிகளின் வகுப்பு வரை இது எப்படி வந்தது? அவர் வாழ்க்கையைப் பார்த்தால், கர்ப்ப காலத்தில் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதும் புரியும்.

நோஞ்சான் பையன்

ஜோசஃப் பிலாட்டீஸ் 1883 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தார். அப்பா உலோகத் தொழிலாளி, ஜிம்னாஸ்டிக்ஸில் ஈடுபாடு உள்ளவர்.

சின்ன வயதில் பிலாட்டீஸ் அடிக்கடி நோயில் படுத்த பையன். ஆஸ்துமா, எலும்பை பலவீனமாக்கும் ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் என்று அவர் வாழ்க்கைக் கதையில் ஒரு பட்டியலே உண்டு. உடம்பைத் தேற்றுவதற்காகக் கையில் கிடைத்த எல்லாப் பயிற்சிகளையும் முயன்று பார்த்தார். ஜிம்னாஸ்டிக்ஸ், பாக்ஸிங், உடற்கட்டு என்று ஒன்றையும் விடவில்லை. விலங்குகள் எப்படி அசைகின்றன என்றும் கவனித்தார்.

பிறவியிலேயே பலசாலியாக இருந்தவர் உருவாக்கிய முறை அல்ல இது. தன் உடம்போடு போராடியவர் அதற்கென்று தேடித்தேடிச் சேர்த்தது. அதன் பலமும் குறையும் இங்கிருந்தே தொடங்குகின்றன. தன் உடம்புக்கு வேலை செய்தது எல்லா உடம்புக்கும் வேலை செய்யும் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசி வரை இருந்தது.

முள்வேலிக்குள் உருவான பயிற்சி

முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு பிலாட்டீஸ் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே பாக்ஸராகவும் சர்க்கஸ் கலைஞராகவும் பிழைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1914-ல் போர் தொடங்கியதும் நிலைமை மாறியது. இங்கிலாந்தில் இருந்த ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர்கள் ஆனார்கள். பிலாட்டீஸும் அடைக்கப்பட்டார். முதலில் லங்காஸ்டர், பிறகு ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாம். அந்த ஒரு முகாமில் மட்டும் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

இடம் இல்லை, கருவி இல்லை, செய்ய வேலையும் இல்லை. இருந்தது உடம்பும் தரையும்தான். அந்த நிலையில் அவர் சக கைதிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள்தான் இன்று நாம் மேட் பிலாட்டீஸ் என்று சொல்வதன் வேர்.

இந்தக் காலகட்டத்தைப் பற்றி இரண்டு கதைகள் ஸ்டூடியோக்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காக, கட்டில் ஸ்பிரிங்குகளைக் கழற்றி மாட்டி அவர் பயிற்சி கொடுத்தார் என்பது ஒரு கதை. ரிஃபார்மர் போன்ற ஸ்பிரிங் கருவிகளின் தொடக்கம் இதுதான் என்பார்கள். 1918 இன்ஃப்ளுயன்ஸா பரவியபோது அவரிடம் பயிற்சி எடுத்த யாருமே சாகவில்லை என்பது இன்னொரு கதை.

இரண்டாவது கதையைக் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். எத்தனை பேர் பயிற்சி எடுத்தார்கள், எத்தனை பேர் எடுக்கவில்லை, இரண்டு பக்கமும் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு இருந்தால்தான் அது ஆதாரம். அந்தக் கணக்கு இல்லாமல் அது நல்ல கதை மட்டுமே. பிலாட்டீஸ் செய்தால் கட்டாயம் நார்மல் டெலிவரி என்று இன்று வரும் விளம்பரங்களிடமும் இதே கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

எட்டாவது அவென்யூவில் ஒரு ஸ்டூடியோ

போர் முடிந்ததும் பிலாட்டீஸ் ஜெர்மனி திரும்பினார். 1926-ல் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 42. அந்தப் பயணத்தில்தான் கிளாராவைச் சந்தித்தார் என்கிறார்கள். அதன் பிறகு கடைசி வரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள், சேர்ந்தே சொல்லிக்கொடுத்தார்கள்.

எட்டாவது அவென்யூவில் 939-ம் எண் கட்டடத்தில் அவர்களுடைய ஸ்டூடியோ இருந்தது. பக்கத்திலேயே நடனப் பயிற்சிக் கூடங்கள். அடிபட்ட நடனக் கலைஞர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். நவீன நடனத்தின் பெரிய பெயரான மார்த்தா கிரஹாமும் பாலே மேதை ஜார்ஜ் பாலன்சினும் அவரோடு தொடர்பில் இருந்தார்கள்.

தன் முறைக்கு அவர் வைத்த பெயர் பிலாட்டீஸ் இல்லை, கன்ட்ராலஜி. உடம்பின் ஒவ்வொரு அசைவும் மனதின் கட்டுப்பாட்டில் நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எத்தனை முறை செய்தோம் என்பதைவிட எப்படிச் செய்தோம் என்பது முக்கியம். மூச்சு, மையப்பகுதித் தசைகள், நிதானம் ஆகிய மூன்றையும் சுற்றித்தான் எல்லாமே. கருவிகளையும் அவரே வடிவமைத்து, சிலவற்றுக்குக் காப்புரிமையும் வாங்கினார்.

மருத்துவ உலகம் தன்னை ஏற்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. அது அவர் வாழ்நாளில் பெரிதாக நடக்கவில்லை. தன் கருத்துகள் காலத்துக்கு முந்தியவை என்றே அவர் நம்பினார்.

34 பயிற்சிகளில் கர்ப்பிணி எங்கே?

1934-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 1945-ல் வந்த இரண்டாவது புத்தகத்தில், பாயில் செய்யும் 34 பயிற்சிகளைப் படங்களோடு கொடுத்தார். படங்களில் செய்துகாட்டுபவர் அவரேதான். அப்போது வயது 60-ஐ ஒட்டி இருக்கும்.

அந்த 34-ல் பெரும்பாலானவை மல்லாக்கப் படுத்தோ குப்புறப் படுத்தோ செய்பவை. முதல் பயிற்சியான ஹண்ட்ரட்டில், மல்லாக்கப் படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு, நூறு எண்ணும் வரை கைகளை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ரோல் அப்பில் படுத்த நிலையிலிருந்து முதுகெலும்பை மடக்கி எழ வேண்டும். ஜாக் நைஃபில் இடுப்பைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஸ்வான் டைவ், குப்புறப் படுத்து வில்லாக வளைவது.

ஏழாவது மாதத்தில் இருக்கும் ஒருவர் இதையெல்லாம் அப்படியே செய்வதை நினைத்துப் பாருங்கள். அந்த வரிசை அவருக்கானது இல்லை என்பது பார்த்தாலே தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. முதுகெலும்பு நேராக, தட்டையாக இருக்க வேண்டும் என்று பிலாட்டீஸ் நம்பினார். இன்றைய பயிற்சியாளர்களில் பெரும்பாலானோர், முதுகெலும்பின் இயல்பான வளைவைக் காப்பாற்றியபடிதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கர்ப்பத்தில் வயிறு முன்னே வர வர, கீழ்முதுகின் வளைவும் நிற்கும் விதமும் மாறும். அங்கே தட்டை முதுகு என்ற விதி உதவாது.

இடுப்புத்தள தசைகளின் கதையும் இதே மாதிரிதான். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இந்தத் தசைகளுக்கான பயிற்சியை 1948-ல் பிரபலமாக்கியவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர். கர்ப்பிணிகளுக்கான இன்றைய பிலாட்டீஸ் வகுப்பில் இது முக்கியமான பகுதி. அது வந்து சேர்ந்தது வேறொரு வழியில்.

டாக்டர்கள் அப்போது என்ன சொன்னார்கள்?

இதற்கு பிலாட்டீஸை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்ந்த காலத்தில், கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சி பற்றி மருத்துவ உலகிடமே தெளிவான வழிகாட்டுதல் இல்லை. ஜாக்கிரதையாக இரு, ஓய்வெடு என்பதுதான் பொதுவான பேச்சு.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கமான ஏகாக், இது பற்றி முதல் வழிகாட்டுதலை 1985-ல்தான் வெளியிட்டது. பிலாட்டீஸ் இறந்து 18 வருஷம் கழித்து. அதிலும் கட்டுப்பாடுகள்தான் அதிகம். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது, கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றது. 1994-ல் அந்த 140 வரம்பு கைவிடப்பட்டது.

2020-ல் வந்த ஏகாக் வழிகாட்டுதலும் அதே ஆண்டு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்கின்றன. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். அதாவது வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம். ஏகாக்கின் பாதுகாப்பான பயிற்சிகள் பட்டியலில் பிலாட்டீஸும் இருக்கிறது. ஆனா அதற்கு முன்னால் ஒரு சொல் இருக்கு: மாற்றியமைக்கப்பட்ட பிலாட்டீஸ். கர்ப்பிணிகளுக்கு இந்த விஷயத்தில் ரொம்ப முக்கியமான சொல் இதுதான்.

குரு போன பிறகு

பிலாட்டீஸ் சுருட்டுப் பிரியர். நுரையீரல் நோயால் அவதிப்பட்ட அவர் 1967 அக்டோபர் 9 அன்று, 83 வயதில், நியூயார்க்கில் இறந்தார். தனக்குப் பின் யார், எப்படி நடத்த வேண்டும் என்ற ஏற்பாடு எதையும் செய்துவைக்கவில்லை.

கிளாரா தொடர்ந்து சொல்லிக்கொடுத்தார். மாணவர்களின் நினைவில் பிலாட்டீஸ் கறாரான ஆள். கிளாரா பொறுமைசாலி, எதிரே இருக்கும் உடம்பைப் பார்த்துப் பயிற்சியை மாற்றிக் கொடுப்பவர். மாற்றியமைப்பது என்ற பழக்கத்துக்கு இந்த வரலாற்றில் ஒரு முகம் வேண்டுமென்றால் அது கிளாராதான். 1977-ல் அவரும் மறைந்தார்.

அதற்குள் மாணவர்கள் தனித்தனியாகக் கிளம்பிவிட்டார்கள். ரோமானா கிரிசனோவ்ஸ்கா நியூயார்க் ஸ்டூடியோவைத் தொடர்ந்தார். ரான் ஃபிளெட்சர் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். கரோலா ட்ரையர், ஈவ் ஜென்ட்ரி, கேத்தி கிரான்ட் ஆகியோர் ஆளுக்கொரு பாணியை வளர்த்தார்கள். பிசியோதெரபிஸ்ட்டுகளும் இதை எடுத்துக்கொண்டு, தங்கள் துறை அறிவைச் சேர்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கான பிலாட்டீஸ் இப்படிப் பல கைகள் மாறி வந்ததுதான்.

பிறகு ஒரு வழக்கு வந்தது. பிலாட்டீஸ் என்ற பெயர் யாருக்குச் சொந்தம்? டிரேட்மார்க் தன்னிடம் இருப்பதாக ஒரு நிறுவனம் சொன்னது. 2000 அக்டோபரில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்தது. யோகா, கராத்தே மாதிரி பிலாட்டீஸும் ஒரு பொதுப்பெயர் என்று ஆனது.

இந்தத் தீர்ப்பால்தான் இந்த முறை உலகம் முழுக்கப் பரவ முடிந்தது. அதே தீர்ப்பால், யார் வேண்டுமானாலும் தங்கள் வகுப்புக்கு இந்தப் பெயரை வைக்கவும் முடிகிறது. போர்டில் பிலாட்டீஸ் என்று இருப்பதால் மட்டும், உள்ளே சொல்லிக்கொடுப்பவருக்குக் கர்ப்பம் பற்றி ஏதாவது தெரியும் என்று அர்த்தம் இல்லை.

கர்ப்பத்தில் என்னென்ன மாற வேண்டும்?

- மல்லாக்கப் படுப்பது: வளரும் கருப்பை, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தை அழுத்தும். தலைசுற்றலாம். குறிப்பாக 16 வாரத்துக்குப் பிறகு நீண்ட நேரம் மல்லாக்கப் படுத்துப் பயிற்சி செய்ய வேண்டாம் என்கிறது பிரிட்டனின் பொது சுகாதார சேவை. பதிலாக ஒருக்களித்துப் படுத்தோ, உட்கார்ந்தோ, நின்றோ, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ செய்யலாம்.
- வயிற்றை மடக்கும் பயிற்சிகள்: வயிறு வளரும்போது நடுவில் இருக்கும் தசைகள் இரண்டு பக்கமாக விலகுவது இயல்பு. ரோல் அப், இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்குவது போன்றவை அந்த இடத்தில் அழுத்தத்தைக் கூட்டும். பயிற்சியின்போது வயிற்றின் நடுக்கோடு கூம்பு மாதிரி மேலே எழும்பினால் அந்தப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம்.
- மூட்டுகள்: ஹார்மோன் மாற்றத்தால் மூட்டுகள் தளரும். வளைகிறதே என்று எல்லை வரை இழுக்க வேண்டாம்.
- சமநிலை: உடம்பின் எடை முன்பக்கம் நகர்கிறது. நகரும் மெஷின் மேல் நின்று செய்வது, விழ வாய்ப்புள்ள பயிற்சிகள் வேண்டாம்.
- மூச்சு: மூச்சை அடக்கக் கூடாது. பயிற்சி செய்துகொண்டே சாதாரணமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி.
- சூடு: சூடேற்றிய அறையில் நடக்கும் வகுப்புகளுக்குப் போகாதீர்கள். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். மேட் பிலாட்டீஸ் பெரும்பாலும் தசைக்கான பயிற்சி. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்க நடைப்பயிற்சியும் தேவை. நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நார்மல் டெலிவரி நிச்சயமா?

நிச்சயம் இல்லை. பொதுவாகக் கர்ப்ப கால உடற்பயிற்சியால் கர்ப்ப கால நீரிழிவும் சிசேரியனும் குறைவதாக ஏகாக் சொல்கிறது. பிலாட்டீஸை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. ஆனா அவை சிறியவை. பலன்கள் நம்பிக்கை தருகின்றன, உத்தரவாதம் தரும் அளவுக்குத் தரவு இல்லை.

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 21.5% பிரசவங்கள் சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9%. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குப் பின்னால் மருத்துவமனை வசதி, தனியார் துறை, தாயின் வயது என்று பல காரணங்கள் இருக்கும். யார் எவ்வளவு உடற்பயிற்சி செய்தார் என்பதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. அதனால் சிசேரியன் ஆன ஒருவரைப் பார்த்து, ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணலையா என்று கேட்பது நியாயமே இல்லை.

யார் செய்யக் கூடாது? எப்போது நிறுத்த வேண்டும்?

மேலே சொன்னது எல்லாம் ஆரோக்கியமான கர்ப்பத்துக்கு. கருப்பை வாய் பலவீனம் அல்லது அதற்குத் தையல் போட்டிருப்பது, 26 வாரத்துக்குப் பிறகும் நஞ்சுக்கொடி கீழே இருப்பது, தொடர்ந்து ரத்தக் கசிவு, கர்ப்ப கால ரத்த அழுத்தச் சிக்கல், தீவிர இதய நோய் அல்லது நுரையீரல் நோய், குறைப்பிரசவ ஆபத்து உள்ள இரட்டைக் கர்ப்பம், கடுமையான ரத்தசோகை ஆகியவை இருந்தால் மருத்துவர் அனுமதி இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது.

ரத்தசோகையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அதே கணக்கெடுப்பில், இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2% பேருக்கு ரத்தசோகை இருந்தது. எல்லாமே கடுமையானது இல்லை. ஆனாலும் வகுப்பில் சேரும் முன் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பயிற்சியின் நடுவே ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, விட்டு விட்டு வரும் வலி, தலைசுற்றல், தலைவலி, நெஞ்சுவலி, பயிற்சி தொடங்கும் முன்பே மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வலி அல்லது வீக்கம் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்டூடியோவில் என்ன கேட்கலாம்?

கர்ப்பிணிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? என் கர்ப்பம் எத்தனையாவது வாரம், மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்பில் சேர்ப்பீர்களா? மல்லாக்கப் படுக்கும் பயிற்சிகளுக்குப் பதிலா என்ன கொடுப்பீர்கள்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்?

இந்த நான்குக்கும் தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். ஜோசஃப் பிலாட்டீஸ் விட்டுச் சென்ற மூச்சும் நிதானமும் கட்டுப்பாடும் கர்ப்பிணிகளுக்கும் பயன்படும். அவர் எழுதிவைத்த 34 பயிற்சிகளின் வரிசை அப்படியே பயன்படாது. அந்த வித்தியாசம் தெரிந்த ஒருவரிடம் போனால் போதும்.